யாருடைய கையெழுத்து? கடல் கடந்து பறக்கக் கற்றவர்களின் கதை



நாங்கள் புலம்பெயர்ந்து வந்த தொடக்க காலத்தில் பிள்ளைகளின் எதிர்காலம் என்றால் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்ற மூன்று சொற்களுக்குள் பேச்சு முடிந்துவிடும். இப்போது பிள்ளைகள் வேறு சொற்களையும் வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அவற்றில் ஒன்று விமானி. "நான் பைலட் ஆகப்போறன்" என்று ஒரு பிள்ளை சொன்னதும் தாய்க்கு வருவது பயம், தகப்பனுக்கு வருவது காசுக் கணக்கு. அவை இரண்டும் ஓரளவு அடங்கிய பிறகுதான் எந்த நாட்டில் படிப்பது என்ற கேள்வி வரும். அங்கே மலிவு, இங்கே வருடம் முழுவதும் வெயில், இன்னோரிடத்தில் கெதியாக முடிக்கலாம் என்று விளம்பரங்களும் தெரிந்தவர்களும் ஆளுக்கொரு நாட்டைக் காட்டுவார்கள்.

இந்த மாதப் பேச்சில் விளம்பரங்களைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வரலாற்றைப் பார்ப்போம். பறக்கக் கற்பதற்காக வேறு நாட்டுக்குப் போவது இன்று நேற்றுத் தொடங்கிய வழக்கம் அல்ல. நூறு வருடங்களுக்கு முன்பே போயிருக்கிறார்கள். அவர்களில் சிலர் சொந்த நாட்டில் கதவு மூடப்பட்டவர்கள், சிலர் சொந்த நாட்டையே இழந்தவர்கள். அவர்கள் பள்ளியைத் தெரிவு செய்த விதத்தில் எங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும் ஒரு விடயம் இருக்கிறது. வெயிலும் விலையும் பிறகு பார்க்க வேண்டியவை. படித்து முடித்த பிறகு கையில் கிடைக்கும் பத்திரத்தில் யாருடைய கையெழுத்து இருக்கும், அந்தக் கையெழுத்தை எந்த நாடு மதிக்கும் என்பதை அவர்கள் முதலில் பார்த்தார்கள்.

சிக்காகோவில் பிரெஞ்சு படித்த பெண்

பெஸி கோல்மன் 1892 ஜனவரி 26ஆம் திகதி அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். குத்தகைக்குப் பயிர் செய்த கறுப்பினக் குடும்பம். தகப்பன் வழியில் அமெரிக்கப் பழங்குடி இரத்தமும் உண்டு. பருத்தி எடுக்கும் காலம் வந்தால் பள்ளிக்கூடம் நின்றுவிடும். தாயோடு சேர்ந்து மற்றவர்களின் உடுப்புத் தோய்த்துச் சேர்த்த காசில் ஒக்லஹோமாவில் ஒரு கல்லூரிக்குப் போனார். ஒரு தவணையோடு காசு முடிந்தது. திரும்பி வந்தார். 1915இல், தனது 23ஆவது வயதில், அண்ணன்மார் இருந்த சிக்காகோவுக்குப் போய் ஒரு சலூனில் நகம் வெட்டி அழகுபடுத்தும் வேலைக்குச் சேர்ந்தார்.

முதலாம் உலகப் போரில் பிரான்சுக்குப் போய்த் திரும்பிய அவரது அண்ணன் ஒருவர், பிரெஞ்சுப் பெண்கள் விமானம் ஓட்டுகிறார்கள், உங்களால் அது முடியாது என்று கேலி செய்தாராம். கோல்மன் அதைக் கேலியாக எடுக்கவில்லை. அமெரிக்கப் பறப்புப் பள்ளிகளைத் தேடிப் போனார். கறுப்பினத்தவர் என்பது ஒரு காரணம், பெண் என்பது இன்னொரு காரணம். எந்தப் பள்ளியும் சேர்க்கவில்லை.

அப்போது அவருக்கு வழி சொன்னவர் 'சிக்காகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பினப் பத்திரிகையை நிறுவிய றொபேர்ட் அபொட். பிரான்சுக்குப் போ, அதற்கு முதல் மொழியைப் படி என்பது அவருடைய ஆலோசனை. கோல்மன் பெர்லிட்ஸ் மொழிப் பள்ளியில் பிரெஞ்சு படிக்கத் தொடங்கினார். கூடுதலாக உழைப்பதற்காக ஓர் உணவகத்தை நடத்தும் வேலைக்கு மாறினார். அபொட்டும், ஜெஸி பிங்கா என்ற கறுப்பின வங்கியாளரும் பண உதவி செய்தார்கள். 1920 நவம்பரில் நியூயோர்க்கிலிருந்து கப்பல் ஏறினார்.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த வருடத்தில் அமெரிக்காவில் விமானம் ஓட்டுவதற்கு மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் என்று ஒன்றே இருக்கவில்லை. அதற்கான சட்டம் 1926இல்தான் வந்தது, முதலாவது பத்திரம் 1927இல் வழங்கப்பட்டது. அப்படியானால் சட்டம் கேட்காத பத்திரத்துக்காக ஒரு பெண் ஏன் கடல் கடந்தார்?

அவர் தேடிப் போனது சர்வதேச வான்பறப்புச் சம்மேளனத்தின் பத்திரம். 1905இல் பாரிசில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பில் பல நாடுகளின் விமானக் கழகங்கள் சேர்ந்திருந்தன. பிரான்சில் அதன் பெயரால் வழங்கப்படும் பத்திரம் மற்ற நாடுகளிலும் செல்லும். வெள்ளையர் ஒருவர் "எனக்குப் பறக்கத் தெரியும்" என்று சொன்னால் ஊர் நம்பியிருக்கும். கறுப்பினப் பெண் ஒருவர் சொன்னால் சிரித்திருப்பார்கள். ஆகவே யாரும் மறுக்க முடியாத கையெழுத்து ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. முதல் தலைமுறையாக ஒரு நாட்டுக்கு வந்து, தன் படிப்பை ஒவ்வொரு அலுவலகத்திலும் நிரூபிக்க வேண்டியிருந்த எங்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை.

சொம் ஆற்றின் முகத்துவாரத்தில் ஏழு மாதம்

பிரான்சிலும் எல்லாக் கதவும் திறந்திருக்கவில்லை. பாரிசில் கேட்ட பள்ளி மறுத்தது. அங்கே பெண் மாணவர்கள் விபத்தில் இறந்திருந்தார்கள், இனிப் பெண்கள் வேண்டாம் என்பது அவர்களின் முடிவு. கோல்மன் வடக்கே, சொம் ஆறு கடலில் சேரும் இடத்தில் உள்ள லு குரொட்டுவா என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே கொட்றோன் சகோதரர்கள் நிறுவிய பறப்புப் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது.

பயிற்சி விமானம் நியூப்போர் 82 என்ற இரட்டை இறக்கை விமானம். மரச்சட்டமும் துணியும் கம்பியும் கொண்டது. முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர். இயந்திரச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆசிரியர் கட்டுப்பாட்டுத் தடியை அசைப்பதைத் தன் கையால் உணர்ந்து பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்பும் கம்பி தளர்ந்திருக்கிறதா, துணி கிழிந்திருக்கிறதா என்று தானே சுற்றிப் பார்க்க வேண்டும். சக மாணவர் ஒருவர் விபத்தில் இறப்பதை அவர் நேரே கண்டார். மனம் உடைந்தாலும் பயிற்சியை விடவில்லை. பத்து மாதப் படிப்பை ஏழு மாதத்தில் முடித்தார்.

1921 ஜூன் 15ஆம் திகதி அவருக்குச் சர்வதேசப் பத்திரம் கிடைத்தது. கறுப்பினப் பெண்களில் அதைப் பெற்ற முதலாமவர் அவரே.

பிரான்ஸ் அவரை ஏற்றுக்கொண்டதால் அந்த நாடு எல்லாரையும் சமமாக நடத்தியது என்று நினைக்கக் கூடாது. அதே காலத்தில் அது ஆபிரிக்காவிலும் இந்தோசீனாவிலும் குடியேற்ற நாடுகளை ஆண்டுகொண்டிருந்தது. ஆனால் அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவருக்கு அங்கே ஒரு வாசல் இருந்தது. அவருக்கு முன்பே ஜோர்ஜியா மாநிலத்தில் பிறந்த யூஜின் புலார்ட் என்ற கறுப்பினத்தவர் 1917இல் பிரெஞ்சுப் படையில் விமானியாகியிருந்தார். அமெரிக்கா போருக்குள் வந்தபோது தன் நாட்டு விமானப் படைக்கு மாற விண்ணப்பித்தார். அவரை எடுக்கவில்லை. பிரான்சின் கையெழுத்து அவரிடம் இருந்தது. அதைப் பார்க்க அவருடைய நாடு விரும்பவில்லை.

பத்திரம் கிடைத்த பிறகு

கோல்மன் 1921 செப்டெம்பரில் நியூயோர்க்குக்குத் திரும்பினார். பத்திரிகைகள் எழுதின, மக்கள் வரவேற்றார்கள். வேலை கிடைக்கவில்லை. பயணிகளை ஏற்றும் விமான சேவை அப்போது இன்னும் வளராத காலம். விமானிகளில் பலர் ஊர் ஊராகச் சென்று வான் சாகசம் காட்டிப் பிழைத்தார்கள். அதற்குக் கோல்மனின் அடிப்படைப் பயிற்சி போதவில்லை. 1922இல் மறுபடி ஐரோப்பா போனார். பிரான்சில் மேலதிகப் பயிற்சி எடுத்தார். நெதர்லாந்தில் விமானம் கட்டிய ஃபொக்கரைச் சந்தித்தார். ஜேர்மனியிலும் பயின்றார். திரும்பி வந்து 1922 செப்டெம்பர் 3ஆம் திகதி நியூயோர்க்கின் லோங் தீவில் முதல் காட்சியை நடத்தினார்.

இன்றைய பெற்றோர் கவனிக்க வேண்டிய இடம் இது. முதல் பத்திரத்தோடு செலவு முடிந்துவிடும் என்று அவரும் நினைத்திருக்கக் கூடும். அது பாதி வழிதான்.

அவருடைய நோக்கம் சாகசத்தோடு நிற்கவில்லை. தன்னைப்போல இன்னொரு கறுப்பினப் பிள்ளை பிரான்சுக்குப் போகத் தேவையில்லாதபடி சொந்த நாட்டில் ஒரு பறப்புப் பள்ளி திறக்க வேண்டும் என்று விரும்பினார். அதற்காக மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் பேசினார். புளோரிடாவில் ஓர் அழகு நிலையமும் நடத்தினார். கறுப்பினத்தவருக்கு வேறு வாசல் வைத்த மைதானத்தில் பறக்க மாட்டேன் என்று மறுத்தார். 1923இல் கலிபோர்னியாவில் விமானம் விழுந்து கால் முறிந்தது. குணமாகி மறுபடி பறந்தார்.

1926 ஏப்ரல் 30ஆம் திகதி புளோரிடாவின் ஜாக்சன்விலில், அடுத்த நாள் காட்சிக்கான இடத்தை மேலிருந்து பார்க்க ஏறினார். விமானத்தை ஓட்டியவர் அவருடைய இயந்திரவியலாளர் வில்லியம் வில்ஸ். கீழே எட்டிப் பார்ப்பதற்காகக் கோல்மன் இடுப்புப் பட்டியைக் கட்டியிருக்கவில்லை. விமானம் திடீரெனத் தலைகீழாகப் பாய, அவர் வெளியே வீசப்பட்டு இறந்தார். வில்ஸும் உயிர் தப்பவில்லை. பழைய போர்க்கால விமானம் அது. கட்டுப்பாட்டுப் பொறிக்குள் ஒரு சாவித் திருகி சிக்கியிருந்தது பிறகு தெரியவந்தது. அவருக்கு வயது 34. பள்ளி திறக்கப்படவில்லை.

ஆனால் 1929இல் வில்லியம் பவல் என்பவர் லொஸ் ஏஞ்சலஸில் பெஸி கோல்மன் பெயரில் விமானக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். 1930களில் சிக்காகோவில் கொர்னீலியஸ் கொஃபியும் வில்லா பிரவுணும் கறுப்பின மாணவர்களுக்குப் பள்ளியே நடத்தினார்கள். கோல்மன் கடல் கடந்து போய் எடுத்ததை அடுத்த தலைமுறை தன் ஊரிலேயே படித்தது.

நாடு இழந்தவர்கள் படித்த இடம்

கோல்மனுக்கு நாடு இருந்தது, அந்த நாடு உரிமை தரவில்லை. இனி வருபவர்களுக்கு அந்த நாடே அந்நியர் கையில்.

குவோன் கி-ஓக் 1901இல் கொரியாவின் பியோங்யாங் நகரில் பிறந்தவர். கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சிக்குள் போய்க்கொண்டிருந்தது. 1919 விடுதலை இயக்கத்தில் சேர்ந்து சிறை சென்றார். 1920இல் படகில் சீனாவுக்குத் தப்பினார். அங்கே முதலில் செய்த வேலை சீன மொழி படித்தது. பிறகு பறப்புப் பள்ளி தேடினார். பெண் என்பதால் சில பள்ளிகள் மறுத்தன. கடைசியில் தென்மேற்கே யுன்னான் மாகாணத்தை ஆண்ட தாங் ஜியாவோ என்ற படைத் தலைவர் தன் பள்ளியில் இடம் கொடுத்தார். 1925இல் தேறி, கொரியப் பெண்களில் முதல் விமானியானார்.

தன் நாட்டின் விடுதலைக்காகப் பறக்க வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் அவர் பெற்ற கையெழுத்து சீனாவுடையது. அது செல்லும் இடமும் சீனாதான். அவர் சீன விமானப் படையில் பல வருடம் பணிபுரிந்தார். கொரியா விடுதலையான பின் 1949இல் தாய்நாடு திரும்பி, 1988இல் காலமானார்.

அடுத்தவர்கள் நோர்வேக்காரர். 1940 ஏப்ரல் 9ஆம் திகதி ஜேர்மனி நோர்வேயைத் தாக்கியது. ஜூனில் மன்னரும் அரசும் இங்கிலாந்துக்குப் போக நேர்ந்தது. போருக்கு முன் அமெரிக்காவிடம் வாங்குவதற்கு ஏற்பாடு செய்த விமானங்கள் இருந்தன, அவற்றை இறக்க நாடு இல்லை. கனடா இடம் கொடுத்தது. 1940 நவம்பரில் ரொறன்ரோவின் ஏரிக்கரையில், தீவு விமான நிலையத்தோடு சேர்ந்து, 'லிட்டில் நோர்வே' என்ற பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. ரொறன்ரோவில் பதேர்ஸ்ற் வீதி ஏரியைத் தொடும் இடத்தில் இன்றும் அந்தப் பெயரில் ஒரு பூங்கா உண்டு. வார இறுதியில் பிள்ளைகளோடு ஏரிக்கரைக்குப் போகும் எங்கள் ஆட்கள் அதைக் கடந்து போயிருப்பார்கள்.

அந்த முகாமுக்கு இளைஞர்கள் வந்த பாதைகள் எங்கள் கதைகளை நினைவுபடுத்தும். பலர் எல்லை தாண்டிச் சுவீடனுக்குள் போனார்கள். அங்கிருந்து ரஷ்யா முழுவதையும் ரயிலில் கடந்து, ஜப்பானில் கப்பல் ஏறி, பசுபிக் கடலைத் தாண்டிக் கனடா வந்து சேர்ந்தார்கள். பக்கத்து நாட்டுக்குப் போவதற்காக உலகைச் சுற்றியவர்கள் அவர்கள்.

நோர்வே அரசு பிள்ளைகளை வெறுமனே பிரித்தானியப் படையில் சேர்த்துவிட்டிருக்கலாம். அது தனக்கென ஒரு பள்ளி வைத்தது. உலகக் கடல்களில் ஓடிக்கொண்டிருந்த நோர்வே வணிகக் கப்பல்களின் வருமானம் செலவுக்கு உதவியது. பயிற்சி முடித்தவர்கள் பிரித்தானிய விமானப் படையின் கட்டளைக்குக் கீழ் 330, 331, 332 ஆகிய இலக்கங்கள் கொண்ட நோர்வே அணிகளில் பறந்தார்கள். 1945இல் நாடு விடுதலையானபோது திரும்பிப் போக ஓர் ஆயத்தமான விமானப் படை அவர்களிடம் இருந்தது. நாட்டுக்கு வெளியே இருந்தாலும் தங்கள் கையெழுத்தை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

குவோனுக்குப் பின்னால் அப்படிப் பணபலமும் உலக அங்கீகாரமும் கொண்ட அரசு இல்லை. நோர்வே இளைஞர்களுக்கு இருந்தது. அகதி அகதி என்று ஒரே சொல்லில் சொன்னாலும் இரண்டுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதை எங்கள் நேயர்கள் அறிவார்கள்.

ஒரு மாநாடும் விமானத்தின் வாலில் உள்ள எழுத்தும்

1944 டிசெம்பர் 7ஆம் திகதி, கோல்மன் பிரெஞ்சு படித்த அதே சிக்காகோ நகரில், 52 நாடுகள் சர்வதேச சிவில் வான்பயண உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதிலிருந்து பிறந்த அமைப்புத்தான் மொன்றியலைத் தலைமையகமாகக் கொண்ட சர்வதேச சிவில் வான்பயண நிறுவனம். இன்று 193 நாடுகள் அதில் உறுப்பினர். விமானிக்கு எத்தனை மணித்தியாலப் பறப்பு வேண்டும், என்ன மருத்துவச் சோதனை வேண்டும் என்ற குறைந்தபட்ச அளவுகளை அது வகுத்தது.

இதைக் கேட்டதும் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். உலகம் முழுவதற்கும் ஒரே அளவு என்றால் எங்கே படித்தாலும் எங்கேயும் ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். உடன்படிக்கை அப்படிச் சொல்லவில்லை. ஒரு விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ, அந்த நாடு வழங்கிய அல்லது அந்த நாடு ஏற்றுக்கொண்ட பத்திரம் விமானியிடம் இருக்க வேண்டும். விமானத்தின் வாலருகே எழுதியிருக்கும் எழுத்துகளைப் பாருங்கள். கனடாவுக்கு சி, பிரித்தானியாவுக்கு ஜி, அமெரிக்காவுக்கு என், பிரான்சுக்கு எஃப், இலங்கைக்கு 4ஆர். அந்த எழுத்தும் உங்கள் பத்திரமும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மறுபடி பரீட்சை, மறுபடி சோதனைப் பறப்பு, மறுபடி காசு.

அண்மைய உதாரணம் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தோடு இருந்த காலத்தில் பிரித்தானியா வழங்கிய பத்திரம் பிரான்ஸ், ஜேர்மனி, அயர்லாந்து எல்லா இடமும் செல்லும். 2020 டிசெம்பர் 31ஆம் திகதியோடு பிரித்தானியா ஐரோப்பிய வான்பாதுகாப்பு அமைப்பை விட்டு வெளியேறியது. அடுத்த நாளிலிருந்து அதே பத்திரம் ஒன்றிய நாட்டு விமானங்களுக்குச் செல்லாது. படிப்பின் நடுவில் இருந்த மாணவர்கள் இரண்டு பத்திரங்களுக்கும் தனித்தனியே பரீட்சை எழுத வேண்டியதாயிற்று. அரசியல்வாதிகள் போட்ட ஒரு கோடு பிள்ளையின் சட்டைப் பையில் இருந்த பத்திரத்தின் எல்லையை மாற்றிவிட்டது.

கதவுகள் இறுகிய வருடங்கள்

2001 செப்டெம்பர் 11 தாக்குதலில் விமானங்களைச் செலுத்தியவர்களில் சிலர் புளோரிடாவில் பறப்புப் பள்ளியில் படித்தவர்கள். அவர்களில் இருவருக்கு மாணவர் விசா அனுமதிக்கப்பட்டதான அறிவித்தல், அவர்கள் இறந்து ஆறு மாதம் கழித்து, 2002 மார்ச்சில் அந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. நாடே அதிர்ந்தது. அதன் பின் அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் அங்கே பறப்புப் பயிற்சி தொடங்குவதற்கு முன் கைரேகையோடு பாதுகாப்புச் சோதனை கட்டாயமாயிற்று. 2004 முதல் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் அதை நடத்துகிறது. விசா வேறு, இந்தச் சோதனை வேறு. இரண்டும் வேண்டும். கடவுச்சீட்டுக்குப் பதிலாக அகதிப் பயணப் பத்திரத்தோடு இருக்கும் குடும்பங்கள், பள்ளிக்குக் காசு கட்டுவதற்கு முதல் இதைத் தீர்த்துக்கொள்வது நல்லது.

மொழியிலும் விதி இறுகியது. 1996 நவம்பர் 12ஆம் திகதி டில்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் இரண்டு விமானங்கள் வானில் மோதி 349 பேர் இறந்தார்கள். கட்டுப்பாட்டு நிலையம் சொன்ன உயரத்தை ஒரு விமானம் பின்பற்றவில்லை. அதன் பணியாளர்களின் ஆங்கில அறிவுக் குறைவு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. இப்படியான விபத்துகளுக்குப் பிறகு, 2008 மார்ச்சிலிருந்து சர்வதேச விமானிகளுக்கு ஆங்கிலத்தில் நான்காம் நிலைத் தேர்ச்சி விதியாக்கப்பட்டது. 1920இல் கோல்மன் தானாகச் செய்ததை இன்று சட்டம் கேட்கிறது.

பணத்தைப் பற்றிய பாடமும் அதே காலத்தில் வந்தது. 2008 பெப்ரவரியில் சில்வர் ஸ்டேட் என்ற பெரிய அமெரிக்க ஹெலிகொப்டர் பள்ளி ஒரே நாளில் மூடப்பட்டது. மாணவர்கள் பலர் ஏறத்தாழ 70,000 டொலர் கடன் எடுத்து முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். பள்ளி போனது, கடன் இருந்தது. வங்குரோத்தான நிறுவனத்திடம் முன்பணம் கட்டியவர் கடன்காரர் வரிசையில் கடைசியில்தான் நிற்பார். பறப்புப் பள்ளி மூடுவது அதோடு நிற்கவில்லை, பிரித்தானியாவிலும் நடந்திருக்கிறது.

பிறகு 2009 பெப்ரவரியில் நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக 2013 முதல் அமெரிக்க விமான சேவைகளில் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணித்தியாலப் பறப்பு வேண்டும் என்ற விதி வந்தது. வர்த்தக விமானிப் பத்திரத்துக்கான சர்வதேசக் குறைந்தபட்சம் 200 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட முழுநேரக் கற்கைநெறியில் 150. இடையில் உள்ள ஆயிரத்துக்கு மேற்பட்ட மணித்தியாலங்களை அந்த நாட்டுக்காரர் ஆசிரியராக வேலை செய்து சேர்ப்பார். மாணவர் விசாவில் போனவர் நினைத்தபடி நின்று வேலை செய்ய முடியாது. 1921இல் பத்திரத்தோடு வந்திறங்கி வேலை இல்லாமல் நின்ற கோல்மனின் நிலை இதுதான்.

காசு கட்டுவதற்கு முதல்

இந்த வரலாற்றிலிருந்து வீட்டில் இருந்து கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்துத் தருகிறோம்.

1. பிள்ளை எந்த நாட்டில் வேலை செய்யப் போகிறது? அந்த நாட்டில் சட்டப்படி வாழவும் வேலை செய்யவும் உரிமை இருக்கிறதா? இதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பள்ளியிலிருந்து தொடங்கக் கூடாது.

2. அந்தப் பள்ளியின் படிப்பு எந்த நாட்டு வான்பயண அதிகாரசபையின் பத்திரத்துக்கு இட்டுச்செல்கிறது? வேறு நாட்டுப் பத்திரம் என்றால், மாற்றுவதற்கு எத்தனை பரீட்சை, எவ்வளவு செலவு? பதிலைப் பள்ளியின் வாயிலிருந்து மட்டும் கேளாமல் அதிகாரசபையிடமே எழுதிக் கேளுங்கள்.

3. முதலாம் தர மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? கண், நிறப்பார்வை, இதயம், காது எல்லாம் பார்ப்பார்கள். இதில் தவறினால் விமான சேவையில் வேலை இல்லை. அரை நாள் சோதனை, பெரிய கடனைத் தடுக்கும்.

4. கட்டணத்தைப் பகுதி பகுதியாகக் கட்டலாமா? முழுவதையும் முன்கூட்டிக் கட்டினால் கழிவு என்று சொன்னால், பள்ளி மூடினால் அந்தக் காசு எங்கே என்று கேளுங்கள்.

5. விளம்பரத்தில் சொல்லும் தொகை குறைந்தபட்ச மணித்தியாலங்களுக்கா? மழை, பனி, விமானம் பழுது, ஆசிரியர் மாற்றம் எல்லாவற்றாலும் மணித்தியாலம் கூடும். அங்கே இப்போது படிக்கும் மாணவர்களோடு பேசினால் உண்மைக் கணக்குத் தெரியும்.

6. எத்தனை விமானங்கள், அவற்றைப் பராமரிப்பது யார்? கோல்மனின் உயிரைப் பறித்தது அவருடைய திறமைக் குறைவு அல்ல, கவனிக்கப்படாமல் கிடந்த ஒரு சாவித் திருகி.

இவற்றைக் கேட்டால் பிள்ளையின் ஆசையைக் கெடுத்ததாகாது. கோல்மன் இவற்றில் பலவற்றைக் கேட்டுத்தான் போனார். யார் உதவுவார்கள், எந்த மொழி வேண்டும், எந்தப் பத்திரம் செல்லும் என்று ஒன்றரைக் கண்டம் தள்ளியிருந்தே விசாரித்தார். அவருக்கு ஒரு பத்திரிகையாளரும் ஒரு வங்கியாளரும் துணை நின்றார்கள். எங்கள் சமூகத்திலும் பறக்கக் கற்று வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். சீட்டுப் பிடித்தும் வீட்டை ஈடு வைத்தும் படிக்க வைத்த பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள். அவர்களும் தங்கள் அனுபவத்தை, நல்லதையும் கெட்டதையும், மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்த பிள்ளைக்கு அது ஒரு வருடத்தையும் ஒரு வீட்டுக் கடனையும் மிச்சப்படுத்தும்.

பெஸி கோல்மன் சிக்காகோவின் லிங்கன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1931இல் தொடங்கி, அந்த நகரத்துக் கறுப்பின விமானிகள் வருடந்தோறும் அவருடைய கல்லறைக்கு மேலே பறந்து மலர் தூவும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். அவர்களில் ஒருவர்கூடப் பறக்கக் கற்பதற்காகப் பிரான்சுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.